மைலேஜ் கூட்டும் டயர் வாங்குவது எப்படி? லேபிளை எவ்வளவு நம்பலாம்?

டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. இதுதான் உருளல் எதிர்ப்பு. புது டயரோடு வரும் லேபிளில் எரிபொருளுக்கான எழுத்து காட்டுவது இதைத்தான், மைலேஜை அல்ல.

1. முதலில் பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 185/65 ஆர்15 88எச் என்றால், 88 என்பது சுமை எண், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. 'எச்' என்பது அதிகபட்சம் மணிக்கு 210 கி.மீ. வேகம். புது டயரில் இவை குறையக் கூடாது. ஒரே மாடலிலும் அளவு மாறினால் லேபிள் எழுத்து மாறலாம், ஆகவே விளம்பரத்தில் பார்த்த 'ஏ' உங்கள் அளவுக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

2. ஐரோப்பிய லேபிளில் பெட்ரோல் பம்பு படத்தின் கீழ் ஏ முதல் ஈ வரை எழுத்துகள் இருக்கும். கார் டயருக்கு, ஒரு டன் சுமைக்கு எதிர்ப்பு 6.5 கிலோ வரை ஏ, 7.7 வரை பி, 9.0 வரை சி, 10.5 வரை டி, அதற்கு மேல் ஈ. 7.8 உள்ளதும் சி, 9.0 உள்ளதும் சி! பக்கத்துப் பக்கத்து எழுத்துகளுக்கு நடுவே 0.1 மட்டுமே வித்தியாசம் இருக்கவும் கூடும். ஓர் எழுத்துக்காகப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம். இந்தியாவின் நட்சத்திர லேபிளில் நட்சத்திரம் கூடக் கூட எதிர்ப்பு குறைவு.

3. மழைப் படத்தின் கீழ் இருப்பது ஈரச் சாலைப் பிடி. எதிர்ப்பைக் குறைக்கும் மலிவான வழி, பிடியை விட்டுக்கொடுப்பது. சிலிக்கா கலந்த ரப்பர் இரண்டையும் ஓரளவு காப்பாற்றும், விலைதான் ஏறும். எரிபொருளில் ஏ, பிடியில் டி என்றால் தொடாதீர்கள். இரண்டிலும் பி உள்ளது எவ்வளவோ மேல்.

4. ஐரோப்பிய லேபிளில் உள்ள எழுத்தை அறிவிப்பது தயாரிப்பாளரே. அரசு அமைப்புகள் சந்தையில் இருந்து எடுத்துச் சோதிக்கலாம், அவ்வளவுதான். க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து, ஐரோப்பிய ஆணையத்தின் எப்ரல் தரவுத்தளத்தில் அளவும் சுமை எண்ணும் எழுத்துகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சோதனை நடப்பது சுழலும் உருளையின் மேல், 80 கி.மீ. வேகத்தில், சரியான காற்றழுத்தத்தில். குண்டும் குழியும் அங்கே கிடையாது.

5. விலை வித்தியாசம் கட்டுப்படியாகுமா? உருளல் எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் மிச்சம். 9.0-இலிருந்து 7.2-க்கு இறங்கினால் சுமார் 3 சதவீதம் என்று வையுங்கள். லிட்டருக்கு 16 கி.மீ. தரும் கார் 40,000 கி.மீ. ஓட 2,500 லிட்டர் வேண்டும், அதில் மிச்சம் 75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 7,500. நாலு டயருக்கும் சேர்த்து அதற்கு மேல் கூடுதல் விலை சொன்னால் நட்டம்.

6. புது டயர் மாட்டியதும் மைலேஜ் குறைந்தால் பதற வேண்டாம். தேய்ந்த டயரில் நசுங்கும் ரப்பர் குறைவு என்பதால் அதன் எதிர்ப்பும் குறைவு. தவிர, மேலே சொன்ன அளவில் 6 மி.மீ. தேய்ந்த டயரை மாற்றினால் சுற்றளவு சுமார் 2 சதவீதம் கூடும். முன்பு 100 கி.மீ. காட்டிய தூரத்துக்கு மீட்டர் இப்போது 98 காட்டும். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும்போது மீட்டர் காட்டும் தூரத்தோடு இந்த 2 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரியும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் ஏ டயரும் வீண்.