ஒலிநூலுக்குப் பணம் கட்டும் முன்

பழைய ஆங்கில அறிவியல் புனைகதைகளின் ஒலிநூலை வாங்கும் முன், லிப்ரிவாக்ஸ் (LibriVox) என்ற இணையதளத்தில் கதையின் பெயரைத் தேடிப் பாருங்கள். தன்னார்வலர்கள் வாசித்த பதிவுகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியான படைப்புகளுக்கு 28-ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. இதழ்களில் வந்த ஏராளமான கதைகளுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. அதனால் 1950-களின் விண்வெளிக் கதைகள் பலவும்கூடப் பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆகிவிட்டன.

சிறுகதைத் தொகுப்புகளில் ஒவ்வொரு கதையும் தனிக் கோப்பு, பெரும்பாலும் வெவ்வேறு குரல். ஒருவருடைய வாசிப்பு பிடித்துப்போனால் அவர் பெயரைச் சொடுக்குங்கள். அவர் வாசித்த மற்றவையும் வரிசையாக வந்து நிற்கும். (தூங்கி வழியும் குரல்களும் உண்டு, முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.)

பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்டு, அது இன்னும் முடியாமல் இருக்கும் கதைகள் அங்கே கிடைக்காது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.