தபாலில் நிச்சயமான கல்யாணம்: அமெரிக்க மேற்கை வைத்துக் காதல் தொடர் எழுத

கடிதம் வழியாகவே பெண் தேடிக் கல்யாணத்துக்கு வரவழைக்கும் 'மெயில் ஆர்டர் ப்ரைட்' கதை தமிழில் எடுபடும். முன்பின் பார்க்காதவனைக் கட்டிக்கொண்டு அப்புறம் காதலிப்பது நம் தொடர்கதை வாசகருக்குப் பழகிய பாதைதான். போக்கிடமே இல்லாத பெண்ணை ஒரு பண்ணையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவள் அங்கேயே கிடப்பதைக் காதல் என்று எழுதும்போதுதான் சறுக்குகிறது. வேறு வழி இருந்தும் அவள் இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில் ஊரையும் வருடத்தையும் முடிவு செய்யுங்கள். நெப்ராஸ்கா, 1875 என்று வைத்துக்கொள்வோம். கண்டம் கடக்கும் ரயில் பாதை 1869-லேயே இணைந்துவிட்டது. 1874 கோடையில் வெட்டுக்கிளிகள் வயலை மொட்டையடித்துவிட்டன. நாயகனின் கடனுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அவன் ஏன் நேரில் போய்ப் பெண் பார்க்கவில்லை? 1862-ம் வருட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கரில் 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். 6 மாதத்துக்கு மேல் விட்டுப் போனால் அரசுக்கே திரும்பும். அதற்குக் குறைவாகப் போய்வரலாம், ஆனால் மாட்டை யார் பார்ப்பது? ஆகவே கடிதம்.

அதே சட்டம் நாயகிக்கும் வழிவிடுகிறது. 21 வயது நிறைந்த, மணமாகாத அல்லது கணவனை இழந்த பெண் தன் பெயரிலேயே 160 ஏக்கர் பதியலாம். கணவனோடு வாழும் பெண் பதிய முடியாது. அதற்கு முன்பே பாதிரியார் முன்னால் சம்மதம் சொன்னால் அந்த 160 ஏக்கரைப் பதியும் வாய்ப்பு கைவிட்டுப் போகும். இது மூன்றாம் அத்தியாயத்துக்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து நிலத்தில் தனியாக விவசாயம் பார்க்கும் ஒரு விதவையை வைத்துவிட்டால் சட்ட விளக்கமே தேவைப்படாது. அவளே விளக்கம்.

கடிதங்களுக்கு ஒரு நாட்காட்டி போட்டுக்கொள்ளுங்கள். கிராமத்து வீடுகளுக்கு நேரே தபால் வந்தது 1896-க்குப் பிறகுதான். அதுவரை, அவன் வண்டி கட்டி ஊருக்கு வரும் நாள்வரை கடிதம் போஸ்ட் ஆபீஸில் கிடக்கும். ஒரு கேள்விக்குப் பதில் வர 3 வாரம் என்று கணக்கு வையுங்கள். 6 பரிமாற்றத்துக்கு நாலு மாதத்துக்கு மேல். நாவலில் முழுதாகக் கொடுக்க 3 கடிதம் போதும், ஒவ்வொன்றும் 150 சொல்லுக்குள். அரை அவுன்ஸுக்கு 3 சென்ட் தபால்தலை. காசில்லாதவன் பக்கம் பக்கமாக எழுத மாட்டான். தந்தி உண்டு, ஆனால் சொல்லுக்குக் காசு. நிறையப் பேர் அதை வாட்ஸ்அப் போல ஓடவிடுகிறார்கள்.

கடிதத்தில் ஒரு பொய் இருக்கும், அதன் அளவைக் கவனியுங்கள். வயதைக் குறைத்தது, முதல் மனைவியின் குழந்தையை மறைத்தது, மண் வீட்டை 'வீடு' என்று மட்டும் எழுதியது: வாசகர் மன்னிப்பார். முதல் மனைவி உயிரோடு இருந்தால் மன்னிக்க மாட்டார். நாயகியும் எதையாவது மறைத்திருக்கட்டும், இல்லாவிட்டால் பாதி நாவல் அவன் கெஞ்சுவதிலேயே போகும்.

அந்த மண் வீட்டை அவசரப்படாமல் எழுதுங்கள். புல்வேரோடு வெட்டிய மண்பாளங்களை அடுக்கிய சுவர், இரண்டு மூன்று அடி கனம். வெயிலில் உள்ளே குளுமை. ஆனால் மழை நின்ற பிறகும் கூரை சொட்டும். மண்ணும் பூச்சியும் சோற்றுத் தட்டில் விழாமல் உட்புறம் மெல்லிய துணியை இழுத்துக் கட்டுவார்கள். விறகுக்கு மரம் கிடையாது. காய்ந்த சாணமும் முறுக்கிய புல்லும்தான் எரிபொருள். வறட்டி நமக்குப் புதிதல்ல. பாஸ்டனில் வளர்ந்தவள் அதைக் கையால் எடுத்து அடுப்பில் போடும் முதல் ராத்திரியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

ரயிலிறங்கிய அன்றே தாலி கட்டுகிற மாதிரி முடித்துவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் பலர் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். அவர் வர 2 வாரம் ஆகட்டும். அவன் வீட்டில் தங்கினால் ஊர் பேசும், அதனால் அவள் விதவை வீட்டில் தங்குகிறாள். 160 ஏக்கர் பேச்சு அங்கே தானாக வரும்.

உரையாடலில் இருவரும் 'நீங்கள்' என்றே தொடங்கட்டும். கல்யாணம் ஆனதும் அவன் மட்டும் 'நீ' என்று இறங்கிவிட்டால் கதை மைலாப்பூருக்கு வந்துவிடும். இறங்கினால் இருவரும் ஒரே காட்சியில் இறங்க வேண்டும்.

புகைப்படத்தில் பல் தெரியச் சிரிக்க வைக்காதீர்கள். சில விநாடி அசையாமல் நிற்க வேண்டிய காலம் அது. நிலத்தை 'யாருமில்லாத பூமி' என்றும் எழுதாதீர்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான பாவ்னீ மக்கள் அங்கிருந்து தெற்கே இண்டியன் டெரிட்டரிக்கு (இன்றைய ஓக்லஹோமா) பெயர்க்கப்பட்டது அதே 1870-களில்தான்.

உச்சக்கட்டத்துக்குத் துப்பாக்கிச் சண்டை தேட வேண்டாம். 5 வருடம் முடிந்ததும் நில அலுவலகத்தில் இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்தால்தான் பட்டா. அவன் 1872-ல் பதிந்திருந்தால் 1877-ல் அந்த நாள் வரும். சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரனை அதற்கு முன்பே அவனுக்குப் பகையாக்கி வையுங்கள்.