சனசமூக நிலையச் சுவருக்கு ஒரு பூப்பந்தாட்ட வரலாறு எழுதும் முறை

சோளகக் காற்று அடங்கிய மாலைகளில் வலை கட்டி, மின்குமிழ் வெளிச்சத்தில் பூப்பந்து ஆடும் பிள்ளைகளை வன்னியின் பல ஊர்களில் காணலாம். அவர்கள் வாசிப்பதற்கென அகில இங்கிலாந்துப் பூப்பந்தாட்டப் போட்டியின் வரலாற்றை ஒரு பிறிஸ்டல் போட்டில் எழுதிச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்ட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய வேலையில் இறங்குபவர் பெரும்பாலும் முதலில் செய்வது, வெற்றியாளர் பட்டியலை ஆண்டுவாரியாகப் பார்த்தெழுதுவதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை நின்றபடி வாசித்து முடிக்க எவருக்கும் பொறுமை இராது.

அட்டையைக் கிடையாக வைத்து, அதன் குறுக்கே ஒரு நீண்ட கோடு வரைந்து, இடது முனையில் 1899 என்று குறியுங்கள். அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் லண்டனில், ஒரு படைப்பிரிவின் பயிற்சி மண்டபத்தில், முதலாவது போட்டி நடந்தது. அப்போது ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என்னும் மூன்று பிரிவுகளே இருந்தன. ஒற்றையர் ஆட்டங்கள் மறு ஆண்டில்தான் சேர்ந்தன. அன்றைய ஆடுகளம் இன்றுள்ளதுபோல நீள்சதுரமாக இருக்கவில்லை. வலை கட்டிய நடுப்பகுதி ஒடுங்கி, உடுக்கு வடிவில் இருந்த அந்தக் களம் 1901ஆம் ஆண்டு வரை வழக்கில் இருந்தது. இதைச் சொற்களால் விளக்குவதைவிட ஓரத்தில் சிறு படமாக வரைவது நல்லது. பிள்ளைகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, கோட்டில் 1915 முதல் 1919 வரையும், 1940 முதல் 1946 வரையும் உள்ள பகுதிகளை அழித்து வெறுமையாக விடுங்கள். இரண்டு உலகப் போர்களாலும் அந்த 12 ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. அழகுக்காக அந்த இடத்தில் பூவோ கொடியோ வரைய வேண்டாம். எங்கள் கழகத்தின் பழைய பதிவேடு 2008ஆம் ஆண்டு இடம்பெயர்வின்போது தொலைந்தது; எனவே வெற்றிடம் என்ன சொல்கிறது என்பதை இங்குள்ள வாசகருக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் இடைவெளியின் இரு கரைகளையும் இணைக்கும் ஒருவரைக் கட்டாயம் எழுதுங்கள். ஜோர்ஜ் தோமஸ் முதலாம் உலகப் போருக்கு முன்பே இரட்டையர் பட்டங்களை வென்றிருந்தார். ஒற்றையர் பட்டமோ, போட்டி மீண்டும் தொடங்கிய 1920இல், அவருக்கு 38 வயதானபோதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அதன்பின் 1923 வரை அதை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தம் 21 பட்டங்கள் பெற்ற அவரது பெயரையே, ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியின் தோமஸ் கிண்ணம் தாங்கி நிற்கிறது.

நாடுகளின் பெயரை எழுதும்போது அந்தந்த ஆண்டின் பெயரையே எழுதவேண்டும். 1950இல் ஆண்கள் ஒற்றையரை வென்ற முதல் ஆசியரான வோங் பெங் சூன் மலாயாவுக்காக ஆடினார். மலேசியா என்ற நாடு 1963இல்தான் உருவானது. அதேபோல, 1947 இறுதியாட்டத்தில் சுவீடனின் கொனி ஜெப்சனிடம் தோற்ற பிரகாஷ் நாத், பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் வீரர்.

புள்ளிகளை எழுதுவதிலும் கவனம் தேவை. 1980 இறுதியாட்டத்தில் இந்தியாவின் பிரகாஷ் படுகோனே, இந்தோனேசியாவின் லியம் சுவீ கிங்கை 15-3, 15-10 என்று வென்றார். 21 புள்ளிக்கு ஆடிப் பழகிய இன்றைய பிள்ளை இதைப் பார்த்தால் ஆட்டம் இடையில் நின்றுவிட்டதோ என்று ஐயுறும். ஆகவே, 2006ஆம் ஆண்டின் மாற்றத்துக்கு முன்னர் ஆண்கள் ஆட்டம் 15 புள்ளிகளுக்கே நடந்தது என்பதையும், பந்தை முதலில் அடித்துக் கொடுக்கும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி சேர்ந்தது என்பதையும் அருகில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். 2001இல் இன்னொரு இந்தியரான புல்லேலா கோபிசந்த் ஆண்கள் ஒற்றையரில் பெற்ற வெற்றிக்கும் இக்குறிப்பே போதும்.

1977இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கும்வரை, அகில இங்கிலாந்துப் போட்டியில் வென்றவரையே உலகின் முதல் வீரராகப் பலரும் கருதினர். 1968 முதல் 1974 வரை தொடர்ந்து ஏழு முறையும், 1976இல் எட்டாவது முறையும் ஆண்கள் ஒற்றையரை வென்ற இந்தோனேசியாவின் ரூடி ஹார்ட்டோனோவின் பெருமை இதைச் சொன்னால்தான் விளங்கும். பெண்களில் ஜூடி டெவ்லின் ஹஷ்மன் 10 ஒற்றையர் பட்டங்கள் உட்பட 17 பட்டங்களையும், அவருடைய தந்தை பிராங்க் டெவ்லின் 18 பட்டங்களையும் வென்றனர். இந்தத் தந்தையையும் மகளையும் ஒரே பெட்டிக்குள் எழுதுங்கள். சுவரின் முன்னால் நின்று பெண்பிள்ளைகள் வாசிக்கும் பகுதி இதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

மண்டபங்களின் பட்டியல் வேண்டாம். 1957 முதல் வெம்பிளியிலும், 1994 முதல் பேர்மிங்ஹாமிலும் நடக்கிறது என்பது போதும். கோட்டின் வலது முனையில் நான்கு விரற்கடை இடம் விட்டு, ஒவ்வொரு மார்ச் மாதமும் புதிய பெயர்களைப் பென்சிலால் எழுதிச் சரிபார்த்த பின்னரே மையால் எழுதுங்கள். சோளகத்துக்கு முகம்கொடுக்கும் சுவரில் மட்டும் ஒட்டவேண்டாம். ஒரு கிழமைகூடத் தாங்காது.