பெங்களூர்ல போன் நம்பரும் ஆதாரும் கேக்குறாங்களா? பேரம் பேசிட்டு குடுங்க

கடைக்காரர் நம்ம டேட்டாவ கேக்குறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வியாபாரி கேப்பாரு, குடுக்கலாமா வேணாமான்னு நாம முடிவு பண்ணணும், சந்தைன்னா அப்படித்தான். ஆனா சிவாஜிநகர்ல ஒரு சட்டைக்கு விடாம பேரம் பேசுற நாமளே பில் கவுன்டர்ல போன் நம்பர மூச்சு விடாம ஒப்பிச்சிட்டு வந்துடுறோம், பதிலுக்கு ஒண்ணும் வாங்காம. அதனால எங்க கேட்டாலும் முதல்ல இத யோசிங்க, இவங்கள விட்டா வேற எடம் இருக்கா? இருந்தா பேரம் பேசுங்க, இல்லன்னா சட்டத்த எடுத்துச் சொல்லி பேசுங்க.

கடையில கன்னடத்துல "நம்பர் ஹேளி" (நம்பர் சொல்லுங்க)ன்னா "நம்பர் பேடா, பில் மாத்ர கொடி" (நம்பர் வேணாம், பில் மட்டும் குடுங்க)ன்னு சிரிச்ச முகமா சொல்லுங்க. சிஸ்டம் எடுக்காது சார்ம்பாங்க, கொஞ்சம் நின்னீங்கன்னா பெரும்பாலும் எடுக்கும். நம்பர் குடுத்தாதான் ஆச்சுன்னு கடைங்க அடம்பிடிக்கக் கூடாதுன்னு நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே அட்வைசரி விட்டிருக்கு. அப்பவும் முடியாதுன்னா பக்கத்து கடைக்கு போங்க, நாலு பேர் அப்படி போனா அந்த கடை தானா மாறும். நம்பர் குடுத்தா கடை தர்ற பாயின்ட்ஸ்ல நெஜமாவே லாபம் இருந்தா தாராளமா குடுங்க, அது உங்க இஷ்டம், ஆனா பேங்க் ஓடிபி வர்ற நம்பர மட்டும் குடுக்காதீங்க, இதுக்குன்னு ஒரு ரெண்டாவது சிம் வச்சுக்கோங்க.

பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி), வாடகை வீடு கதை வேற. சேலத்துலேந்தோ திருப்பத்தூர்லேந்தோ வேலைக்கு வந்து மாரத்தஹள்ளில பெட்டியோட நிக்கிற பையன் ஓனர்கிட்ட என்ன பேரம் பேசுவான்? இங்கதான் மாஸ்க்டு ஆதார், அதாவது நம்பர் பாதி மறைச்ச ஆதார், உதவும். மைஆதார் சைட்ல லாகின் பண்ணி டவுன்லோட் குடுக்கும்போது மாஸ்க்டுங்கிற பாக்ஸ டிக் பண்ணுங்க, முதல் 8 நம்பர் மறைஞ்சு கடைசி 4 மட்டும் தெரியும். பிடிஎஃப் பாஸ்வேர்ட் உங்க பேரோட முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து கேப்பிடல்ல, கூடவே பொறந்த வருஷம். பிரின்ட் எடுத்து குறுக்கால "பிஜி தங்க மட்டும்"னு தேதியோட எழுதி கையெழுத்து போட்டு குடுங்க. ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல ஃபைல் திறந்தா டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணிட்டுதான் எழுந்திரிக்கணும், இத நெறைய பேர் மறந்துடுறாங்க.

விளம்பர போன் கால் தொல்லை நிக்கணும்னா 1909க்கு ஸ்டார்ட் 0ன்னு இங்கிலீஷ்ல எஸ்எம்எஸ் போடுங்க. அதுக்கப்புறமும் வந்தா டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட டிஎன்டி ஆப்ல 7 நாளைக்குள்ள கம்ப்ளைன்ட் போடலாம்.

சட்டம் எதுக்கு, சந்தையே பாத்துக்கும்னு சில நண்பர்கள் சொல்றாங்க, எனக்கு அதுல பாதிதான் சம்மதம். வாட்ஸ்அப் 2021ல புது தனியுரிமை பாலிசிய ஏத்துக்கிட்டே ஆகணும்னு கொண்டு வந்தப்போ எத்தன பேரால விட்டுட்டு போக முடிஞ்சுது? சொந்தக்காரங்க மொத்தமும் அதுலதான் இருக்காங்க. அதுக்கு 2024 நவம்பர்ல வாட்ஸ்அப்போட ஓனர் கம்பெனி மெட்டாவுக்கு 213 கோடி அபராதம் போட்டது போட்டி ஆணையம், அதாவது சந்தை ஒழுங்கா நடக்குதான்னு பாக்கவே இருக்குற அமைப்பு. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொன்ன கேஸ போட்டவரும் இந்த ஊர்க்காரர்தான், கர்நாடக ஹைகோர்ட் முன்னாள் நீதிபதி புட்டசாமி.

2023 டேட்டா பாதுகாப்பு சட்டப்படி குடுத்த சம்மதத்த நாம திரும்ப வாங்கலாம், குடுத்தது எவ்ளோ ஈசியோ அவ்ளோ ஈசியா. ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, கம்பெனிங்களுக்கு முக்கியமான கடமைகளுக்கு அப்பலேந்து 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க, அதுக்காக நாம காத்திருக்க வேணாம். நம்பர் குடுத்துட்ட கடைக்கு இப்பவே ஒரு மெயில் போடுங்க: "என் நம்பர வெளம்பரத்துக்கு யூஸ் பண்ண குடுத்த சம்மதத்த வாபஸ் வாங்குறேன், யாருக்கு குடுத்தீங்கன்னு சொல்லுங்க, அழிச்சிட்டு பதில் போடுங்க." அனுப்புன தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி புகார் போகணும்னா அதான் ஆதாரம்.