கிராஃபைட் விரிசல் மாடல்: எங்கே சறுக்குகிறோம்?

வாளையாறு பக்கம் சூளையில் இன்னும் சுடாத பச்சைச் செங்கல்லை நேரடி வெயிலில் விட்டால், மதியத்துக்குள் மேல்புறம் கோடு விழுந்துவிடும். அதன்மேல் யாரும் பாரம் ஏற்றவில்லை. மேல்புறம் காய்ந்து சுருங்க, ஈரமான உள்புறம் விட்டுக்கொடுக்காததால் வந்த வினை.

போன மாதம் பாலக்காட்டில் படிக்கும் தம்பி ஒருவன் லேப்டாப்போடு வந்தான். அணு உலைக்குள் அடுக்கும் கிராஃபைட் கல்லில் விரிசல் எப்படி வரும் என்று கணினியில் கணக்கிடும் மாடல் அதில் இருந்தது. "அண்ணா, இந்த கிராஃபைட் கல்லுக்கு லோடு எங்கே கொடுக்கணும்?" என்று கேட்டான். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. உலைக்குள் கிராஃபைட்டை உடைக்கும் இழுவிசை பெரும்பாலும் கல்லுக்குள்ளேயே பிறக்கிறது. நியூட்ரான் பட்டால் கிராஃபைட் முதலில் சுருங்கும், பல வருடம் கழித்துத் திரும்பி விரியும். நடுவில் துளையுள்ள அந்தக் கல்லில், எரிபொருளை ஒட்டிய உள்சுவருக்கு நியூட்ரான் அதிகம், அதனால் அது முந்திக்கொள்ளும். ஆரம்பத்தில் இழுவிசை உள்சுவரில் இருக்கும். உள்சுவர் விரியத் தொடங்கியதும் அந்த இழுவிசை வெளிப்புறத்துக்கு மாறி, கற்களைக் கோக்கும் காடியின் (பள்ளத்தின்) அடிமூலையைப் பிளக்கும்.

அதனால் கடைசி வருட நிலையை மட்டும் எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். முதல் நாளிலிருந்து படிப்படியாக ஓட்டுங்கள். கதிர்வீச்சில் வரும் க்ரீப் (விசைக்கு இணங்கிக் கல் மெல்ல உருமாறுவது) இழுவிசையைப் பெருமளவு தளர்த்தும். அதை விட்டுவிட்டால் கல் உங்கள் கணினியில் மட்டும் சீக்கிரமே உடையும். கார்பன் டை ஆக்சைடு குளிர்விக்கும் உலை என்றால் கிராஃபைட் அரிக்கப்பட்டு எடையும் வலுவும் குறைந்துகொண்டே போகும். புதுக்கல்லின் வலுவைக் கடைசிவரை வைத்திருப்பதும் தவறு.

அப்புறம் மெஷ், அதாவது கணக்குக்காகக் கல்லைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் வலை. சிறிதாக்கினால் துல்லியம் கூடும் என்று நம்பி, மெஷ்ஷுக்கு ஏற்ப மாறும் விடையை வாங்கிவிடுகிறோம். வலு படிப்படியாகக் குறையும் மாடலில், முறிவு ஆற்றலை (விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலை) எலிமென்ட் அளவோடு, அதாவது ஒரு கட்டத்தின் அளவோடு, இணைத்தே தீர வேண்டும்.

ஒரு கல்லோடு நிறுத்திவிடுவதையும் பார்க்கிறேன். ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் பி அணுமின் நிலையம் 1976-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2018-இல் அதன் ஓர் உலையில் காடி விரிசல்கள் 350-ஐத் தாண்டியதாகக் கணக்கிட்டார்கள். 2022 ஜனவரியில் நிலையத்தையே மூடினார்கள். அங்கே எழுந்த கேள்வி ஒரு கல் பிளக்குமா என்பதல்ல. பல கற்கள் பிளந்த நிலையில் நிலநடுக்கம் வந்தால் தண்டுக்கான துளைகள் வளையுமா, உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுத் தண்டு தடையில்லாமல் இறங்குமா என்பதே. தம்பியிடம் இரண்டு கல்லைக் காடியோடு சேர்த்து வரைந்து வரச் சொல்லியிருக்கிறேன்.