சுடர் சோதனையில் ஏமாற்றும் மஞ்சள்

உப்பிலுள்ள உலோகத்தைச் சுடரின் நிறத்தால் அறிவதே சுடர் சோதனை. அதில், உப்பு ஒட்டிய நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் உலோகக்கலவை) கம்பியைச் சுடரில் காட்டியதும் மஞ்சள் நிறம் எழுந்தது என்பதற்காக, கொடுக்கப்பட்ட உப்பில் சோடியம் இருப்பதாக உடனே எழுதிவிடக் கூடாது. விரல் வியர்வையிலும் மேசைத் தூசியிலும் உப்பை வைக்கும், சரியாகக் கழுவாத வாட்ச் கிளாஸ் என்ற சிறு கண்ணாடித் தட்டிலும் சோடியம் உண்டு. அது வெளியிடும் 589 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிவதால், துளியளவு இருந்தாலே மற்ற உலோகங்களின் நிறத்தை மறைத்துவிடும். எனவே கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்ப்பதையும் சுடரில் காட்டுவதையும், நிறம் ஏதும் எழாத நிலை வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு முறை தோய்த்ததோடு விட்டுவிடுவதும், கம்பி கழுவிய அதே அமிலத்தில் உப்பைக் குழைப்பதும்தான் ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கின்றன. அப்படிச் செய்தால் பொட்டாசியத்தின் வெளிர் ஊதா தென்படவே தென்படாது. கோபால்ட் கண்ணாடி என்ற நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மட்டுமே மஞ்சள் விலகி அது புலப்படும்.

சுடரைத் தரும் எரிவாயு பர்னரின் காற்றுத் துளையை மூடி வைத்திருப்பதும் இதே குழப்பத்தையே தரும். அப்போது தெரியும் மஞ்சள், எரியாத கரித்துகள்களின் ஒளி.

சுடரில் காட்டும் முன் உப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைப்பது வெறும் சடங்கன்று. குளோரைடுகள் எளிதில் ஆவியாகும் என்பதால்தான் உப்பை அந்த வடிவுக்கு மாற்றுகிறோம். கால்சியத்தின் செங்கல் சிவப்பு தொடக்கத்திலேயே தெறித்து மங்கிவிடும். பேரியத்தின் ஆப்பிள் பச்சையோ கம்பி நன்றாகச் சூடேறிய பிறகே வரும். ஆகவே கம்பியை அவசரமாக வெளியே எடுப்பவர் பேரியத்தையும், தாமதமாகக் கண்ணை உயர்த்துபவர் கால்சியத்தையும் தவறவிடுவார். ஸ்ட்ரான்சியத்தின் கருஞ்சிவப்பையும் லித்தியத்தின் சிவப்பையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம்; 1860-இல் ஜெர்மன் அறிவியலாளர்கள் பன்சனும் கிர்க்காஃபும், ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனியாகத் தெரியும் நிறமாலைக் கோடுகளை நாடியதன் பயன் இங்கே விளங்கும். அவர்கள் சீசியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்ததும் அவ்வழியில்தான். மக்னீசியம் சுடருக்கு நிறமே தராது என்பதால், நிறமின்மையை உலோகமின்மையாகக் கொள்ளக் கூடாது.

செயல்விளக்கத்துக்காக உப்புகளை மெத்தனாலில் கரைத்து எரிப்பது ஆபத்தானது. மெத்தனால் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அணைந்துவிட்டதாக எண்ணி மீண்டும் புட்டியிலிருந்து ஊற்றும்போது ஆவி பற்றி, தீ புட்டிக்குள் பாய்ந்து, எதிரில் நிற்கும் மாணவர்கள்மேல் பீறிட்டு அடிக்கும்.