மருந்து நோட்டீஸைத் தடுமாறாமல் படிக்கும்படி எழுதுவது எப்படி?

காசிமேட்டில் நடந்த இலவச மருத்துவ முகாமுக்கு மருந்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். எழுத்தை 18 புள்ளிக்குப் பெரிதாக்கியும் பயனில்லை. மீன் விற்கும் அக்கா ஒருவர் விரல் வைத்துப் படித்தார். 'உட்கொள்ளவேண்டும்' வந்ததும் விரல் நின்றது. "பையனிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான்கு முறை திருத்திய பிறகு கிடைத்த வழி இது.

1. செய்ய வேண்டியதை முதல் வரியில் எழுதுங்கள். முகாம் நடத்துபவர் பெயர் கடைசியில் வரட்டும்.

2. ஒட்டிய சொற்களைப் பிரியுங்கள். நான் தவறியது இங்கேதான். 'உட்கொள்ளவேண்டும்' என்பதில் ஒன்பது எழுத்துகள். அதில் 'கொ' ஓர் எழுத்துதான், ஆனால் கொம்பு முன்னால், கால் பின்னால். 'வே'யிலும் கொம்பைப் பார்த்த பிறகுதான் வகரம் வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்.

முன்பு: உணவருந்தியபின் இருவேளையும் தவறாமல் உட்கொள்ளவேண்டும்.
இப்போது: சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். காலை 1. இரவு 1.

வாயால் சொல்லிப் பாருங்கள். வீட்டில் பேசாத சொல்லை எடுத்துவிடுங்கள்.

3. எழுத்துரு: அலங்கார எழுத்து வேண்டவே வேண்டாம். நான் நோட்டோ சான்ஸ் தமிழ்தான் பயன்படுத்துகிறேன். எதை எடுத்தாலும் 'வாரம்' என்று அச்சிட்டுப் பாருங்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வரி இடைவெளி 1.5. இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். இரு பக்கமும் சீராக்கினால், நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். பளபளப்பில்லாத தாள் நல்லது.

4. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்த மாத்திரையை எப்போது போடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் பிசகினால் திருத்த வேண்டியது நோட்டீஸை.

பள்ளிக்குப் போகாதவர்களுக்கு மட்டும் இது என்று எண்ண வேண்டாம். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ளவர்கள் படித்த வீடுகளிலும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பின்சேர்க்கை: காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரையலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். "என் கணவர் நள்ளிரவு தாண்டிக் கடலுக்குப் போகிறார், அவருக்கு எது காலை?" என்று ராயபுரம் வாசகி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. படங்களை எடுத்துவிட்டேன். இப்போது மருத்துவரைக் கேட்டு, ஒவ்வொருவர் தாளிலும் மணியைப் பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம்.